ஸ்கைரிமில் கறுத்துப்போன முகங்கள்: மோட் நிறுவிய அனுபவங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரிலிருந்து உறுப்பினர் ஒருவர்:

எங்கள் வட்டாரத்தில் ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டை ஆடுகிறவர்களில் பலர், விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் உருவாக்கும் கோப்புகளான மோட்களை நேராக இணையத்திலிருந்து பெற்றவர்கள் அல்லர். தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்த குடும்பங்களில் கைப்பேசித் தரவை நம்பியே இணையம் இருந்ததால், யாராவது ஒருவர் நெக்சஸ் மோட்ஸ் தளத்திலிருந்து இரவெல்லாம் பதிவிறக்கி வைத்ததைப் பென்டிரைவில் வாங்கி வந்து, விளையாட்டின் டேட்டா கோப்புறைக்குள் அப்படியே கொட்டுவது வழக்கம். ஒரே பெயருள்ள கோப்பு இரண்டு வந்தால், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும்; எது எதை அழித்தது என்பதற்குப் பதிவு எதுவும் இராது.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, “அண்ணே, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா, பாருங்கள்” என்றார். விளையாட்டில் வரும் ரிவர்வுட் கிராமத்து மக்களில் சிலருடைய முகம் மட்டும் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே தோல் இயல்பான நிறத்தில் இருந்தது. மரமும் சுவரும் உடையும் தெளிவாகத் தெரிந்ததால் கார்டில் பழுதில்லை என்று உடனே சொல்ல முடிந்தது. புதுக் கார்டுக்குப் பணம் சேர்க்க வேண்டியிருக்குமோ என்று கலங்கி வந்தவருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

ஸ்கைரிமில் ஒரு பாத்திரத்தின் முகம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. மூக்கு, தலைமுடி, தோல்நிறம் முதலியவை ப்ளகின் எனப்படும் விவரக் கோப்பில் பதிவாகியிருக்கும். அதே முகத்தின் முன்கூட்டியே உருவாக்கப்பட்ட வடிவம் தனிக் கோப்பாக இருக்கும். ப்ளகின் பதிவு ஒரு மோடிலிருந்தும் வடிவக் கோப்பு வேறொரு மோடிலிருந்தும் வந்து அவை தம்முள் பொருந்தாதபோதுதான் முகம் கறுக்கிறது. தம்பியின் கணினியில் முக அழகுக்கான மோட் ஒன்றும், ஊர்மக்களின் அன்றாட நடமாட்டத்தை மாற்றும் மோட் ஒன்றும் இருந்தன. இரண்டாவது மோட் முகத்தைத் தொட நினைக்கவே இல்லை. ஆனால் ஒரு பாத்திரத்தின் பதிவில் எதை மாற்றினாலும் அப்பதிவு முழுவதையும் அது சுமந்து வருவதால், பழைய முகத்தின் விவரங்களும் கூடவே வந்துவிட்டன.

கலந்துபோன கோப்புறையைத் திருத்துவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. விளையாட்டை நீக்கி, விண்டோசின் புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்கு வெளியே புதிதாக நிறுவி, மோட்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 மென்பொருளை அமைத்துக் கொடுத்தேன். அது ஒவ்வொரு மோடையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, விளையாட்டைத் தன் வழியாகத் தொடங்கும்போது மட்டும் அனைத்தும் ஒன்றாக இருப்பதுபோல் காட்டுகிறது. டேட்டா கோப்புறை தூய்மையாகவே இருக்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த மென்பொருளின் இடப்பக்கப் பட்டியல் கோப்புகளில் எது வெல்லும் என்பதையும், வலப்பக்கப் பட்டியல் ப்ளகின்களில் எது வெல்லும் என்பதையும் தீர்மானிக்கின்றன. லூட் என்னும் கருவி வலப்பக்கத்தை மட்டுமே ஒழுங்குபடுத்தும். ஆகவே லூட் வரிசைப்படுத்திவிட்டது, இனிக் கவலையில்லை என்று விட்டுவிட்டால் இரு பக்கங்களும் முரண்பட்டு, கறுத்த முகங்கள் திரும்ப வந்துவிடலாம். நாங்கள் ப்ளகின் பதிவுகளைத் திறந்து திருத்தும் எக்ஸ்எடிட் கருவியில் அந்தப் பாத்திரங்களின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்து, முகத்துக்கான வரிகளை அழகு மோடிலிருந்தும் நடமாட்டத்துக்கான வரிகளை மற்றதிலிருந்தும் எடுத்து, ஒரு சிறு ஒட்டு ப்ளகினை உருவாக்கி வரிசையின் இறுதியில் வைத்தோம். முகங்கள் தெளிந்தன. அதன்பின் தம்பி என்னைக் கேட்காமல் தாமே எக்ஸ்எடிட்டைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பதிப்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பர் 11 அன்று வெளியான புதுப்பிப்பு விளையாட்டின் முதன்மைக் கோப்பையே மாற்றியதால், விளையாட்டின் திறனை விரிவாக்கும் எஸ்கேஎஸ்இ என்னும் துணைக்கருவியைச் சார்ந்த மோட்களுக்குப் புதிய பதிப்புகள் தேவைப்பட்டன, பழைய 1.5.97 பதிப்பிலேயே நின்றவர்கள் பலர். ஸ்டீம் (விளையாட்டுகளை வாங்கி இயக்கும் செயலி) வழியாக விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்கும்படி அதில் அமைத்து, எஸ்கேஎஸ்இ வழியாகவே தொடங்கி வந்தால், எதிர்பாராத புதுப்பிப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அதே ஊரிலிருந்து இன்னோர் உறுப்பினர்:

மேலே சொன்ன தூய்மை பழைய விளையாட்டுகளில் அத்தனை எளிதாகக் கிட்டாது. என் அண்ணன் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 2 விளையாட்டை இன்றும் விடாமல் விளையாடுகிறவர். அதன் மோட்கள் வெய்டு என்னும் கருவியால் விளையாட்டின் கோப்புகளுக்குள்ளேயே நேரடியாக எழுதப்படுகின்றன. முதலில் நிறுவிய துணைப்பாத்திரம் ஒன்று பிடிக்கவில்லை, நீக்கித் தா என்று அவர் கேட்டார். அடுக்கின் அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால், அதற்குப் பின் நிறுவிய அனைத்தையும் வெய்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியிலிருந்ததை நீக்கிய பிறகு மற்றவற்றை மீண்டும் நிறுவும். அது தானாகவே நடக்கும் என்றாலும் நெடுநேரம் பிடிக்கும். இடையில் மின்சாரம் போனால் என்னவாகும் என்ற அச்சம், மாலைதோறும் இடியும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் நியாயமானதே.

எனவே மோட் எதுவும் படாத விளையாட்டின் நகல் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறேன். எதை எந்த வரிசையில் நிறுவினோம் என்பது வெய்டு.லாக் கோப்பில் இருப்பதால், அதைப் பார்த்து அந்த நகலின்மேல் புதிதாக நிறுவுவதே எனக்கு விரைவாகவும் பாதுகாப்பாகவும் படுகிறது. அண்ணனிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன்: மோட் வரிசை மாறும்போது உரையாடல் வரிகளின் எண்களும் மாறக்கூடும் என்பதால், பழைய சேமித்த ஆட்டத்தைத் திறந்தால் விளையாட்டின் நாட்குறிப்பில் தொடர்பில்லாத வாக்கியங்கள் தோன்றலாம். அவர் சற்று வருந்தினாலும் ஒப்புக்கொண்டு, புது ஆட்டத்தையே தொடங்கினார்.