செக்‌ஷன் 21 நோட்டீஸ், மார்ச் 15 கடைசி நாள்: கவுன்சிலுக்கு எப்போது போவது? (லண்டன்)

வட்டுமணி:
எங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். தாய் தகப்பன் இருவருக்கும் ஐஎல்ஆர் (காலவரையற்ற வதிவிட அனுமதி). பிள்ளைகள் மூவரும் பிரிட்டிஷ்: மகனுக்கு 12, மகள்மாருக்கு 9, 6. ஒரே பரோவில் (லண்டனின் ஒரு கவுன்சில் பகுதி) ஆறு வருடம், இந்த வீட்டில் இரண்டு வருடம். இரண்டு அறை, மாத வாடகை 1,650 பவுண்டு, ஒரு சதம் பாக்கி இல்லை. டிப்போசிட் 1,900 வங்கி வழியாகக் கொடுத்தது. வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் 2026 ஜனவரி 12 அன்று செக்‌ஷன் 21 நோட்டீஸ் (குடியிருப்பவர் மேல் குறை காட்டாமலே காலி செய்யச் சொல்லும் சட்டக் கடிதம்) கொடுத்திருக்கிறார். மார்ச் 15 கடைசி நாள்.

தகப்பனுக்குக் கடை வேலை, வாரச் சம்பளம், மணிநேரம் கூடும் குறையும். மிச்சத்துக்கு யுனிவர்சல் கிரெடிட் (அரசு உதவித்தொகை).

கவுன்சிலுக்கு போன் எடுத்தால் “பெயிலிஃப் (கோர்ட் உத்தரவுப்படி வெளியேற்ற வருபவர்) திகதி வந்த பிறகு கூப்பிடுங்கள்” என்கிறார்கள். சொந்தக்காரரோ “இப்பவே வெளிக்கிட்டு அக்கா வீட்டில போய் நில்லுங்கோ, ஹோம்லெஸ் எண்டு பதிஞ்சால் கவுன்சில் வீடு வரும்” என்கிறார்கள். எதைக் கேட்பது? மே மாதத்தோடு செக்‌ஷன் 21 ஒழிகிறதாமே, இந்த நோட்டீசும் அதோடு போய்விடுமா?

கோடைமேகம்:
இரண்டையும் கேட்க வேண்டாம். முதலில் வீட்டை விட்டு இறங்கக்கூடாது. கோர்ட் உத்தரவு இல்லாமல் தாமாக வெளியேறினால், இருக்கக்கூடிய வீட்டைத் தெரிந்தே விட்டவர்கள் என்று கவுன்சில் முடிவெடுக்கலாம். “இன்டென்ஷனலி ஹோம்லெஸ்” என்ற அந்த முத்திரை விழுந்தால் வீடு தேடித்தரும் முழுக் கடமை கவுன்சிலுக்குக் கிடையாது, கொஞ்ச நாள் தங்க இடமும் ஆலோசனையும் மட்டும்தான். வாடகையை நிறுத்தினாலும் இதே ஆபத்து. “எப்படியும் போகத்தானே போகிறோம், டிப்போசிட்டில் கழிக்கட்டும்” என்று கடைசி இரண்டு மாதம் கட்டாமல் விட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. 2017ஆம் ஆண்டு ஹோம்லெஸ்னெஸ் ரிடக்‌ஷன் சட்டப்படி, 56 நாளுக்குள் வீடு போகும் நிலையில் இருப்பவருக்குக் கவுன்சில் உதவியே ஆகவேண்டும். மார்ச் 15இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 56 நாள் ஜனவரி 18இலேயே தொடங்கிவிட்டது. அதனால் இன்றே விண்ணப்பம் போடலாம்.

போனில் பேசினால் பதிவு இருக்காது. கவுன்சில் இணையத்தளத்தில் உள்ள ஹோம்லெஸ்னெஸ் படிவத்தை நிரப்புங்கள், அல்லது ஈமெயில் அனுப்புங்கள். சட்டத்தில் இதற்கென்று தனிப் படிவம் கிடையாது, ஈமெயிலும் விண்ணப்பம்தான். “நோட்டீஸ் மார்ச் 15இல் முடிகிறது, 1996 ஹவுசிங் சட்டம் 7ஆம் பாகத்தின் கீழ் விண்ணப்பிக்கிறோம்” என்று ஒரு வரி போதும். இணைக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, யுனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மென்ட், பிள்ளைகளின் பாஸ்போர்ட், கடைசி ஐந்து வருட முகவரிகள். ஐஎல்ஆருக்கு ஈவிசா ஷேர் கோட் (வதிவிட உரிமையை இணையத்தில் காட்டும் குறியீடு). அது 90 நாளில் காலாவதியாகும், முன்கூட்டியே எடுத்து வைத்துப் பயனில்லை.

அதன்பிறகு கேஸ் ஆஃபீசர் ஒருவர் விசாரித்து “பெர்சனல் ஹவுசிங் பிளான்” எழுதித் தருவார். பல பிளான்களில் “ரைட்மூவ் (வீட்டு விளம்பரத் தளம்) பார்க்கவும்” என்பதைத் தவிர உருப்படியாக எதுவும் இருக்காது. வீட்டுக்காரரோடு பேசுவது, புது வீட்டு டிப்போசிட்டுக்குப் பணம், நோட்டீஸ் செல்லுமா என்று சரிபார்ப்பது, இந்த மூன்றும் கவுன்சில் செய்யவேண்டிய வேலையாக அதில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுமுன் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெயிலிஃப் கதை: அரசின் ஹோம்லெஸ்னெஸ் வழிகாட்டியின் 6ஆம் அத்தியாயம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கோர்ட் குறித்த நாள் தாண்டிய பிறகும் பெயிலிஃப் வரும்வரை இருக்கச் சொல்வது நியாயமல்ல. ஆனால் தங்க இடம் தட்டுப்பாடு என்பதால் லண்டனில் அப்படித்தான் நடக்கிறது. லண்டன் கவுன்சில்ஸ் அமைப்பின் மதிப்பீட்டில் லண்டன்வாசிகளில் 50 பேருக்கு ஒருவர் தற்காலிக வீட்டில் இருக்கிறார்கள். “பெயிலிஃப் வரட்டும்” என்று சொன்னால் அந்த முடிவை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் அங்கேயே தொனி மாறும்.

தேம்ஸ்கரை:
சட்டப் பக்கம்.

மே கேள்விக்கு: 2025 ரென்டர்ஸ் ரைட்ஸ் சட்டத்தின்படி 2026 மே 1 முதல் புதிதாகச் செக்‌ஷன் 21 கொடுக்க முடியாது. அதற்கு முன் கொடுத்தது செல்லும். “ஜூலை 31க்குள் வழக்குப் போடவேண்டும்” என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதம், அல்லது ஜூலை 31, எது முந்தியோ அதுதான் கெடு. இவர்களுக்கு ஜூலை 12 அளவில் முடிகிறது. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் புதிய முறையில் செக்‌ஷன் 8 (காரணம் காட்டும் நோட்டீஸ்) கொடுக்கவேண்டும். விற்பனைக் காரணம் என்றால் நான்கு மாத நோட்டீஸ்.

இனி நோட்டீசையே பாருங்கள். போர்ம் 6ஏ என்ற அரசுப் படிவத்தில் இருக்கவேண்டும், முழுதாக இரண்டு மாதம் கொடுத்திருக்கவேண்டும். இங்கே அது சரி. எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ், இபிசி (வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்), “ஹவ் டு ரென்ட்” கையேடு மூன்றும் நோட்டீசுக்கு முன் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். சில பரோக்களில் சாதாரணக் குடும்ப வீட்டை வாடகைக்கு விடவும் கவுன்சில் லைசன்ஸ் வேண்டும், அது இல்லாமலும் நோட்டீஸ் செல்லாது. கவுன்சில் இணையத்தளத்தில் உள்ள லைசன்ஸ் பதிவேட்டில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

நோட்டீஸ்கள் பெரும்பாலும் விழுவது டிப்போசிட்டில்தான். வாங்கிய 30 நாளுக்குள் டிபிஎஸ், மைடிப்போசிட்ஸ், டிடிஎஸ் ஆகிய மூன்று டிப்போசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, அதற்கான விவரக் கடிதமும் தந்திருக்கவேண்டும். மூன்று தளத்திலும் குடும்பப் பெயர், போஸ்ட்கோட், குடிவந்த மாதம் போட்டுத் தேடலாம். எதிலும் இல்லையென்றால் நோட்டீஸ் செல்லாது. முழு டிப்போசிட்டையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் புதிதாகக் கொடுக்க முடியும். தவிர, டிப்போசிட்டின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்குவரை இழப்பீடு கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: குறை கண்டவுடன் வீட்டுக்காரருக்கு எழுதிவிடாதீர்கள். மே 1க்கு முன்பே திருத்திப் புது நோட்டீஸ் கொடுத்துவிடுவார். முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். ஹவுசிங் லாஸ் பிரிவென்ஷன் சேவை என்று 2023 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. எழுத்தில் நோட்டீஸ் வந்த யாருக்கும் லீகல் எய்டில் (அரசுச் செலவில்) இலவச ஆலோசனை, வருமானம் பார்ப்பதில்லை. கோர்ட்டிலிருந்து வழக்குத் தாள் வந்தால் பதில் படிவத்துக்கு 14 நாள்தான். தபாலைப் பிரிக்காமல் வைப்பதாலேயே நல்ல வழக்குகள் தோற்கின்றன. உத்தரவு வந்தால் வழக்கமாக 14 நாள், மிகக் கஷ்டமென்று காட்டினால் 42 நாள்வரை. பிறகு பெயிலிஃப் கடிதம், அதிலும் குறைந்தது 14 நாள் இருக்கும்.

செம்பருத்தி:
மணி அண்ணை, காசுப் பக்கத்தையும் பாருங்கோ. கவுன்சில் புது வீடு தேடச் சொல்லேக்க முதல்ல கேக்கிறது “கட்டுப்படியாகுமா” எண்டதைத்தான்.

லண்டன்ல குடும்பத்துக்கு பெனிஃபிட் கேப் (அரசு உதவித்தொகைகளுக்கு மொத்த உச்சவரம்பு) மாசம் 2,110 பவுண்டு. வாடகை 1,650 போனால் மிச்சம் 460. வரி கழிச்சு மாசம் 846க்கு மேல உழைச்சால் கேப் இல்லை. அது வாரம் 16 மணி நேரக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கு, 2026 ஏப்ரல்ல கூலி கூட இதுவும் கூடும். வாரச் சம்பளக்காரர் மாட்டுறது இங்கதான்: 16 மணி × 12.21 (ஒரு மணிக் கூலி) = 195.36. நாலு சம்பளம் மட்டும் விழுற மாசத்தில 781தான் வரும், 65 பவுண்டு குறைஞ்சதுக்காக கேப் விழும். மணித்தியாலம் குறையிற கிழமைகளைப் பார்த்து, முதலாளியோட கதைச்சு 18 மணியாவது நிலையா எடுக்கப் பாருங்கோ. ரெண்டு பிள்ளை வரம்பு (ரெண்டு பிள்ளைக்கு மட்டும் உதவித்தொகை எண்ட விதி) ஏப்ரலோட போகுது எண்டு அரசாங்கம் அறிவிச்சிருக்கு, ஆனா கேப் அப்பிடியே நிக்குது. மூண்டு பிள்ளைக் குடும்பம் இதைக் கவனிக்கோணும்.

இன்னொண்டு: மகனுக்கு தனி அறை, மகள்மார் ரெண்டு பேருக்கும் ஒண்டு, தாய் தகப்பனுக்கு ஒண்டு. அப்ப லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் (வாடகைக்கு அரசு தாற உச்சத் தொகை) மூண்டு அறை ரேட். இப்ப ரெண்டு அறையில இருக்கிறதால ரெண்டு அறை ரேட்தான் எண்டு நினைச்சுத் தேடாதேங்கோ. அந்த ரேட் 2024 ஏப்ரலுக்குப் பிறகு கூடேல்ல, சந்தை வாடகையோட இடைவெளி பெரிசு. புது வீட்டு டிப்போசிட்டுக்கும் முன்பணத்துக்கும் கவுன்சிலிட்ட டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமென்ட் (வீட்டுச் செலவுக்கு மேலதிக உதவி) கேக்கலாம். ஏப்ரலில அது கிரைசிஸ் அன்ட் ரெசிலியன்ஸ் ஃபண்டுக்குள்ள போகுது. இந்த வருசக் காசு மார்ச்சோட முடியும், இப்பவே கேளுங்கோ.

வட்டுமணி:
மூவருக்கும் நன்றி. மூன்று தளத்திலும் தேடச் சொன்னேன், டிப்போசிட் எதிலும் இல்லை. வக்கீலிடம் போகிறார்கள். இன்னும் ஒன்று: லண்டனுக்கு வெளியே வீடு கொடுத்தால் மறுக்கலாமா?

கோடைமேகம்:
மறுக்க வேண்டாம். இதில்தான் அதிகக் குடும்பங்கள் விழுகின்றன. பொருத்தமான வீடு என்று கவுன்சில் முடிவெடுத்து, நீங்கள் மறுத்தால், கடமை முடிந்தது என்று கைகழுவிவிடலாம். வீட்டை ஏற்றுக்கொண்டபடியே ரிவ்யூ (கவுன்சிலின் மறுபரிசீலனை) கேட்கச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கடமையின்கீழ் தரும் வீடென்றால் 21 நாளுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும். ரிவ்யூவில் தோற்றாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும், வென்றால் வேறு வீடு. ஆரம்ப விசாரணைக் காலத்தில் தரும் தற்காலிக இடத்துக்கு மட்டும் இந்த ரிவ்யூ கிடையாது, அதற்கு வக்கீல் வழியாகக் கோர்ட்டில் ஜுடிஷியல் ரிவ்யூதான்.

ரிவ்யூவில் “பிள்ளைக்குப் பிடிக்கவில்லை” என்பது எடுபடாது. பள்ளிக்குப் போக எத்தனை நிமிடம், தகப்பனின் ஷிஃப்ட் தொடங்கும்போது ரயில் உண்டா, யாருக்காவது மருத்துவமனைச் சிகிச்சை நடக்கிறதா என்று கடிதங்களோடு காட்டவேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஒரு குடும்பத்தை மில்டன் கீன்ஸ் பக்கம் அனுப்பப் பார்த்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் கவுன்சிலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பரோவுக்குள் ஏன் இடமில்லை, பக்கத்தில் ஏன் இல்லை, பிள்ளைகளின் நிலையைப் பார்த்தார்களா என்பதற்குக் கவுன்சில் காரணம் காட்டவேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பி அன்ட் பி (சிறு விடுதி) அறையில் போட்டால் நாளைக் குறித்து வையுங்கள். குளியலறை, சமையலறையைப் பிறரோடு பகிரும் தனியார் பி அன்ட் பியில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஐந்தாவது வாரமே ஈமெயில் போடுங்கள்.

சொந்தக்காரர் சொல்லும் “கவுன்சில் வீடு” வேறு வரிசை. ஹோம்லெஸ் என்று ஏற்றுக்கொண்டாலும் தனியார் வாடகை வீடு ஒன்றைக் கொடுத்தே கடமையை முடிக்கலாம், 2012 முதல் அப்படி. நிரந்தர வீட்டுக்கு ஹவுசிங் ரெஜிஸ்டரில் தனியே பதியவேண்டும். பல பரோக்கள் ஐந்து வருட வசிப்புக் கேட்கின்றன, இவர்களுக்கு ஆறு இருக்கிறது, பதிந்து வைக்கட்டும். பதிந்த பிறகும் காத்திருப்பு வருடக்கணக்கில்.

தேம்ஸ்கரை:
பெயிலிஃப் கட்டம்வரை போனால் ஒன்று செய்யுங்கள். கடிதம் வந்த அன்றே ஆஃபீசருக்கு அனுப்பும்போது, சாமான்களை வைக்க இடமில்லை, பாதுகாத்துத் தரவேண்டும் என்றும் எழுதுங்கள். வேறு வழியில்லாதபோது கவுன்சிலுக்கு அந்தக் கடமையும் உண்டு, கட்டணம் வாங்கலாம். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். இன்டர்வியூவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள். 12 வயதுப் பையனை வைத்து வாடகைக் கணக்குப் பேசவைத்தால் திகதியும் தொகையும் மாறிப் பதிவாகும், பின்னால் அதையே முரண்பாடு என்று எழுதுவார்கள்.