எம்எக்ஸ்-5 1.5 லிட்டர்: 16 இன்ச்சே போதுமா, 17-ஆ, 18-ஆ?

ஹாரோ மணி:

வணக்கம். லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறேன். 2017 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ஒன்று வாங்கியிருக்கிறேன். 1.5 லிட்டர், சிவப்பு. கம்பெனி கொடுத்த 16 இன்ச் வீல், 195/50 ஆர்16 டயர். ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் மனசு கேட்கவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது.

18 போட்டால் வண்டியே வேற மாதிரி ஆகிவிடும் என்கிறார் நண்பர். பழைய வீல் செட் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்: 17 இன்ச், 7.5 அகலம், ஈடி 35, 4×100. விலை மலிவுதான். "4×100 என்றால் அப்படியே உட்காரும்" என்று சொல்கிறார் விற்பவர். வார நாட்களில் நார்த் சர்குலர் ரோட்டில் வேலைக்குப் போவேன், ஞாயிறு காலை சில்டர்ன்ஸ் குன்றுகள் பக்கம் வளைவுச் சாலைகள். டிராக் ஆசையெல்லாம் இல்லை. எதை எடுக்கலாம்?

குளிர்காற்று:

17 போடுங்க, யோசிக்கவே வேண்டாம். 2.0 லிட்டருக்கு மாஸ்டாவே 205/45 ஆர்17 தானே கொடுக்கிறது. 18 போட்டோவுக்கு மட்டும்தான் நல்லா இருக்கும்.

சில்லுக்கடை:

தம்பி, நான் ரயர் கடையில் நிற்கிறவன், இந்தக் கார் அடிக்கடி வரும். முதலில் அந்த இடைவெளிக் கதையை முடித்துவிடுவோம். 195/50 ஆர்16 என்றால் ரயரின் அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 50 சதவீதம், சில்லு 16 இன்ச். உங்கள் ரயரின் முழு விட்டம் ஏறக்குறைய 601 மில்லிமீற்றர். 205/45 ஆர்17 என்றால் 616. வித்தியாசம் 15, அதில் மேல்பக்கம் கிடைப்பது பாதிதான். ஆக, 17 போட்டால் இடைவெளி ஏழெட்டு மில்லிமீற்றர் குறையும். 205/40 ஆர்18 போட்டாலும் பத்துக்கு மேல் போகாது. அந்த இடைவெளி கார் நிற்கிற உயரத்தால் வருவது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும், சில்லில் (வீலில்) காசைக் கொட்டி வேலையில்லை.

அடுத்தது ரயரின் பக்கச்சுவர். 16-இல் அது 97 மில்லிமீற்றர் சொச்சம், 17-இல் 92. ஐந்து மில்லிமீற்றர்தான் போகிறது, அதனால் 17-இன் ஓட்டம் பெரிதாகக் கெடாது. 18-இல் 205/40 என்றால் 82. விட்டத்தைப் பழைய அளவுக்குக் கிட்டவாக வைக்க 215/35 போடுவார்கள், அதில் 75தான் மிஞ்சும். முதல் எம்எக்ஸ்-5 1989-இல் வந்தபோது 185/60 ஆர்14 போட்டு வந்தது. பக்கச்சுவரே 111. அந்தக் கார் வளைவில் திரும்பியதைப் பற்றி இன்றைக்கும் எல்லோரும் நல்லதாகத்தான் கதைக்கிறார்கள்.

மெல்லிய ரயர் போட்ட கார்கள் கடைக்கு வரும்போது என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வெளியே நின்று பார்த்தால் சில்லு பளபளவென்று இருக்கும். கழற்றி பாலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டால் உள்பக்க விளிம்பு ஓரிடத்தில் மட்டும் துள்ளும். ரோட்டுக் கிடங்கில் (பள்ளத்தில்) விழுந்து நெளிந்தது அது. விரலால் தடவினாலே தெரியும். ரயரின் உள்பக்கச் சுவரில் முட்டை மாதிரி ஒரு வீக்கமும் இருக்கும். உள்ளே நூல் அறுந்துவிட்டது, அந்த ரயர் குப்பைக்குத்தான். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். நார்த் சர்குலரில் தினம் போகிற ஆளுக்கு 18 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது பாரம். இது ஒரு டன் அளவே எடையுள்ள கார். முந்தைய தலைமுறையில் ஐந்து நட் இருந்த இடத்தில் நாலாகக் குறைத்ததுகூட எடைக்காகத்தான். அப்படிக் கிராம் கிராமாகக் குறைத்த காரில் மலிவான வார்ப்பு 18-ஐ மாட்டினால் ஸ்பிரிங்குக்குக் கீழே பாரம் கூடும், அதுவும் சுற்றுகிற பாரம். கிடங்கு வந்தால் சில்லு மேலே போய்க் கெதியாகக் கீழே வராது. 17-இலேயே விட்டம் இரண்டரை சதவீதம் கூடும், கியரும் அவ்வளவுக்கு நீளும். 2.0-க்கு அது பெரிய விஷயமில்லை, 1.5-க்கு மேடு ஏறும்போது தெரியும். எந்த சில்லை வாங்குவதானாலும் குளியலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். இப்போது இருப்பதைவிடப் பாரமென்றால் விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் பார்த்து வைத்த செட். 4×100 என்பது நட் வட்டம் மட்டும்தான்: 100 மில்லிமீற்றர் வட்டத்தில் நாலு நட். ஈடி என்பது சில்லின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பது. அது குறைந்தால் சில்லு வெளியே வரும். உங்கள் சில்லு 6.5 இன்ச் அகலம், ஈடி 50. மாஸ்டாவின் 17 என்பது 7 அகலம், ஈடி 45. அதைப் போட்டால் வெளி விளிம்பு 11 மில்லிமீற்றர் வெளியே வரும். 7.5, ஈடி 35 என்றால் கிட்டத்தட்ட 28 வெளியே வரும். மட்கார்ட் விளிம்புக்கு மிகக் கிட்டப் போய்விடும். கல் எல்லாம் பெயின்ற்றில் அடிக்கும், கிடங்கில் ஸ்டியரிங்கை இழுக்கும். பிறகு ஸ்பிரிங்கும் குறைத்தால் உரசத் தொடங்கும். சில்லின் நடு ஓட்டை எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டீர்களா? மாஸ்டாவுக்கு 54.1.

ஹாரோ மணி:

அண்ணா, ரொம்ப நன்றி. கேட்டுப் பார்த்தேன், நடு ஓட்டை 67.1-ஆம். வேறு பிராண்ட் கார்களுக்கும் போகும் என்று அதைப் பெருமையாகவே சொல்கிறார். இன்னொரு சந்தேகம். போர்ஷே 911 கரேரா எஸ் முன்னால் 20, பின்னால் 21 போட்டுத்தானே வருகிறது? அங்கே மட்டும் எப்படிச் சரியாகிறது?

சில்லுக்கடை:

67.1 என்றால் 54.1-க்கு ஸ்பிகாட் ரிங் (ஓட்டையின் மிச்ச இடத்தை நிரப்பும் வளையம்) போட வேண்டும். போட்டால் வேலை செய்யும். போடாமல் நட்டை நம்பி மாட்டினால் சில்லு நடுவில் உட்காராது, 60 மைல் வேகத்தில் அதிரும். ஹோண்டா சில்லு யாராவது தந்தால் இன்னொன்றையும் வடிவாகப் பாருங்கள்: அதற்கும் 4×100 தான், ஆனால் நட் உட்காரும் இடம் உருண்டையாக இருக்கும். உங்கள் காரின் நட் கூம்பு. வட்டம் பொருந்துகிறதே என்று மாட்டவே கூடாது.

911-இன் கதை வேறு. அது ஒன்றரை டன் கார், பெரிய எஞ்சின், அதை நிறுத்துவதற்கு அதற்கேற்ற பெரிய பிரேக் டிஸ்க். டிஸ்க்கும் அதைப் பிடிக்கிற கலிப்பரும் உள்ளே அடங்க வேண்டுமென்றால் சில்லு பெரிதாகத்தான் வேண்டும். பின் ரயர் 305 அகலம், முழு விட்டம் 700 மில்லிமீற்றரைத் தாண்டும். உங்கள் 1.5-இன் முன் டிஸ்க் 258 மில்லிமீற்றர். 16-க்குள்ளேயே காற்று ஓட இடமிருக்கிறது.

கடன்காரன்:

எதைப் போட்டாலும் காப்புறுதிக்காரரிடம் முதலே சொல்லுங்கள். அலாய் மாற்றினாலே மாற்றம் என்றுதான் இங்கே கணக்கு. இடித்த பிறகு சொன்னால் பணம் தர மறுக்கலாம்.

ஹாரோ மணி:

சரி, அந்த செட்டை விட்டுவிடுகிறேன். 2.0-இலிருந்து கழற்றிய மாஸ்டா 17 கிடைத்தால் எடுக்கலாம் என்று இருக்கிறேன். அதுவரை 16-க்கே நல்ல டயர் மாற்றட்டுமா? இப்போது இருப்பது நடுவில் தேய்ந்திருக்கிறது.

சில்லுக்கடை:

நடுவில் தேய்கிறதென்றால் காற்று கூடுதலாக அடித்திருக்கிறார்கள். பெரிய காருக்கு அடிக்கிற மாதிரி 35 அடித்துவிடுவார்கள். இந்தக் காருக்கு 29 பிஎஸ்ஐ போதும், ரயர் குளிர்ந்திருக்கும்போது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், பாருங்கள்.

ரயர் கட்டாயம் மாற்றுங்கள், அதுவும் நாலையும் ஒரே மாதிரி. உங்கள் சாலைகளுக்கு நான் 16-இலேயே நிற்பேன். 17-க்கு ஒரு வசதி உண்டு, 205/45 ஆர்17 மினிக்கும் போகிற அளவு, அதனால் தெரிவு அதிகம். ஆனால் மினிக்கென்று வருவதில் ரன்-ஃபிளாற் (காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுகிற ரயர்) இருக்கும், சுவர் தடித்து விறைப்பாக நிற்கும். மலிவாகத் தந்தாலும் அதை வாங்காதீர்கள். சில்லு கழற்றி மாட்டினால் ஐம்பது மைல் ஓடிய பிறகு ரோர்க் ரென்ச்சால் (அளவாக இறுக்குகிற சாவியால்) நட்டை ஒருமுறை பாருங்கள். எங்கள் கடை என்றால் நாங்களே கூப்பிட்டுப் பார்ப்போம், எல்லாக் கடையிலும் அப்படியில்லை.