'டெரிட்டரி' என்பதற்குச் 'சார்நிலம்': ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாநிலமாக இல்லாமல் நடு அரசின் பொறுப்பில் இருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் 'டெரிட்டரி' என்கிறார்கள்; நம் யூனியன் பிரதேசங்கள் இந்த வகைதான். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் நம் குழுவில் நடக்கும் பேச்சு. கூடலூர் ஐயா 'நேரடி ஆட்சிப்பகுதி' என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். லடாக்குக்கும் அந்தமானுக்கும் அது பொருந்தும். புதுச்சேரிக்குப் பொருந்தாதே ஐயா! அங்கே மக்கள் 30 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; முதலமைச்சர் இருக்கிறார், அமைச்சரவை இருக்கிறது. இத்தனையும் இருந்தும் அது மாநிலம் இல்லை. காரணம், அந்தச் சட்டப்பேரவை 1963இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்கோ அரசமைப்பே நேராக அதிகாரம் தந்திருக்கிறது. அதனால், ஆளும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள நார்தர்ன் டெரிட்டரி 1995இல் கருணைக்கொலையை அனுமதித்துச் சட்டம் இயற்றியது. சொந்தப் பேரவை, முறையான வாக்கெடுப்பு, எல்லாம் சரியாகவே நடந்தது. 1997இல் கூட்டாட்சி நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அதைச் செல்லாமல் ஆக்கிவிட்டது. அத்தோடு நிற்காமல், இந்தப் பொருளில் இனிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டது. அதைத் திருப்பித் தர 2022 வரை ஆயிற்று. அங்குள்ள ஒரு மாநிலத்தின் அதிகாரத்தில் கூட்டாட்சி நாடாளுமன்றம் இப்படிக் கைவைக்க முடியாது. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் டெரிட்டரியின் நிலை.

'குறைமாநிலம்', 'துணைமாநிலம்' என்ற மற்ற யோசனைகள் இரண்டையும் நான் ஏற்கவில்லை. அளவில் சிறியது என்ற எண்ணத்தை அவை உண்டாக்கும். நார்தர்ன் டெரிட்டரி தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பெரியது. நம் சின்னக் கோவாவோ 1987 முதல் முழு மாநிலம். அதோடு, டெரிட்டரியில் வாழும் மக்களைக் குறைத்துச் சொல்வது போலவும் இருக்கிறது. அமெரிக்காவின் டெரிட்டரியான, 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான். ஆனால் அங்கே வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. குறை அவர்களிடமா இருக்கிறது?

அரசமைப்பின் தமிழாக்கத்தில் 'ஆட்சிநிலவரை' என்று இருப்பது எனக்கும் தெரியும். நல்ல சொல். ஆனால் இந்தியாவின் மொத்த நிலப்பரப்புக்கும் அதுதான், ஒன்றியத்தின் நேர்ப்பொறுப்பில் உள்ள பகுதிக்கும் அதுதான். முதல் பொருளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது பொருளுக்கு என் முன்மொழிவு: சார்நிலம். மாநிலம், சார்நிலம் என்று பக்கத்தில் வைத்தாலே இணை தெரிகிறது. ஒன்றைச் சார்ந்து இருப்பது என்ற பொருளில் 'சார்' நமக்குப் புதிதும் இல்லை. குன்னூரில் சார் ஆட்சியர் அலுவலகம் எது என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். பத்திரம் பதியப் போனால் சார்பதிவாளர்.

குன்னூர் அம்மா ஓர் ஐயம் எழுப்பியிருந்தார்: தரிசு நிலம், புன்செய் நிலம் போல இதையும் பட்டா விவகாரமாக எடுத்துக்கொள்வார்களே என்று. நியாயமான ஐயம்தான். ஆனால் 'மாநிலம்' என்றதும் யாருக்கும் வயல் நினைவுக்கு வருவதில்லையே அம்மா. புழக்கத்தில் அது தானாகத் தெளியும்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற இதே வேறுபாட்டைச் சின்ன அளவில் நீங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்திருப்பீர்கள். குன்னூரில் வீட்டு வரி கட்டுவது நகராட்சிக்கு. சற்று மேலே வெலிங்டனில், ராணுவக் குடியிருப்புப் பகுதியை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் வாரியத்துக்கு. அதன் தலைவர் ராணுவ அதிகாரி, மேலே இருப்பது பாதுகாப்பு அமைச்சகம். சட்டமன்றத் தேர்தல் வந்தால் இரண்டு பக்கத்தாரும் ஒரே குன்னூர் தொகுதியில்தான் வாக்களிக்கிறார்கள். தெருவில் நடப்பவருக்கு ஒரே ஊர். வார்டுக்கு உறுப்பினர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாரியம் யாருடைய சட்டத்தின்கீழ் இருக்கிறது என்பது மாறுவதில்லை.

அப்புறம் கூட்டுச்சொற்கள். 'மாநில அந்தஸ்து' என்று செய்தித்தாள்கள் எழுதிப் பழகிவிட்டன, அது இருக்கட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் 'சார்நில நிலை'. 'கனடாவில் பத்து மாகாணங்கள், மூன்று சார்நிலங்கள்.' '2019இல் ஜம்மு காஷ்மீர் மாநில நிலையிலிருந்து இரண்டு சார்நிலங்களாக ஆக்கப்பட்டது.' இந்த வாக்கியங்கள் எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. 'யூனியன் டெரிட்டரி' என்பதற்கு 'ஒன்றியச் சார்நிலம்' என்று முழுதாகச் சொல்வதா, 'சார்நிலம்' மட்டும் போதுமா என்பதில்தான் எனக்கு உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து