கொலையாளி யாரென்று தெரிந்தபின் ‘ரோஜர் ஆக்ராய்ட்’

நான் மறுபடி எடுத்துப் படித்தது அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’. 1926இல் வந்த நாவல். முடிவை உடைத்துத்தான் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளுங்கள்.

சரி. கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்ட்தான் கொலையாளி. முதல் வாசிப்பில் அந்த அதிர்ச்சியில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும். இந்த முறை, மனுஷன் நம்மிடம் எங்கே பொய் சொல்கிறார் என்று பார்ப்பதற்காகவே நிதானமாகப் படித்தேன். கொலை நடக்கும் இடத்தில் ஒரு பொய்கூட இல்லை! ஷெப்பர்ட் கூட இருக்கும்போதே, 8:40க்கு ஆக்ராய்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. 8:50க்கு இவர் கிளம்பும்போது ஆக்ராய்ட் அதை இன்னும் படித்து முடிக்கவில்லை. கதவுப்பிடியில் கையை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் இதே வரிகளைக் காட்டி, எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று அவரே பெருமையடித்துக்கொள்வார். கொலைகாரனுக்கு எழுத்தாளன் கர்வம் வேறு.

ஆனால் இந்தத் தடவை என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய அக்கா கரோலின். வீட்டில் உட்கார்ந்தபடியே வேலைக்காரர்கள், பால்காரர் வழியாக ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துவைத்திருப்பவள். கிறிஸ்டி பின்னால் படைத்த துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் பாத்திரத்துக்கு இவள்தான் விதையாக இருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் அத்தியாயத்தில் ஊரின் பணக்கார விதவை திருமதி ஃபெரர்ஸ் சாவைப் பற்றி அக்கா யூகிப்பதையெல்லாம் தம்பி மறுத்துக்கொண்டே இருப்பார். முன்பு அது அக்கா தம்பி சண்டையாக, சிரிப்பாக இருந்தது. அந்தப் பெண்ணை மிரட்டிப் பணம் பறித்தவரே அவர்தான் என்று தெரிந்து படித்தால், வாயை அடைக்கப் பார்க்கிறார் என்பது புரிகிறது. இன்னோரிடத்தில், நீ பலவீனமானவன், நான் வளர்க்காவிட்டால் என்னவாகியிருப்பாயோ என்று போகிறபோக்கில் சொல்வாள். அங்கே புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆக்ராய்டின் தம்பி மகள் ஃப்ளோரா, அவருடைய நண்பர் மேஜர் பிளன்ட் இவர்களின் காதல் மட்டும் இப்போதும் இழுவைதான். தாராளமாகப் புரட்டிவிடலாம்.

பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், நாவலில் துப்பறியும் பாய்ரோ தப்பான ஆளைப் பிடித்துவிட்டார், உண்மையில் கொன்றது கரோலின்தான் என்று 1998இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு ஒப்பவில்லை. அக்காவுக்கு விஷயம் தெரியவே கூடாது என்று ஷெப்பர்ட் கடைசியில் தவிப்பது அப்புறம் எதற்கு?