சிம்ப்ஸன்ஸ் ஒன்பதாவது சீசன்: ஸ்கின்னர் எபிசோடை யார் தலையில் கட்டுவது?

டிவிடிபெட்டி:
சிம்ப்ஸன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரைப் பற்றி நேற்று இன்னொரு இழையில் மோபார்_ராஜா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "சிம்ப்ஸன்ஸ் செத்தது ஒன்பதாவது சீசனில். கொன்றது ஸ்கின்னர் எபிசோடு. கொலைகாரர் மைக் ஸ்கல்லி." மூன்றே வரி. ஸ்கல்லி ஒன்பதாவது சீசனில் பொறுப்பேற்ற தலைமைத் தயாரிப்பாளர். அதில் மூன்றாவது வரி பச்சைப் பொய்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். "தி பிரின்சிபால் அண்ட் தி பாப்பர்", 1997 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. பள்ளி முதல்வர் ஸ்கின்னர் பதவிக்கு வந்து 20 வருடம் ஆனதற்கு விழா எடுக்கிறார்கள். அங்கே ஒரு ராணுவக்காரர் வந்து, நான்தான் நிஜமான சீமோர் ஸ்கின்னர் என்கிறார். குரல் மார்ட்டின் ஷீன். நாம் எட்டு சீசனாகப் பார்த்த முதல்வர் ஆர்மின் டம்சேரியன் என்ற அநாதை என்று தெரிகிறது. வியட்நாமில் தன் சார்ஜெண்ட் இறந்துவிட்டதாக நினைத்து, தாயிடம் செய்தி சொல்லப் போனவர் அந்த வீட்டிலேயே மகனாகத் தங்கிவிட்டார். கடைசியில் ஊர்க்காரர்கள் நிஜ ஸ்கின்னரை ரயிலில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். இனி இதை யாரும் வாயே திறக்கக் கூடாது, மீறினால் சித்திரவதை என்று நீதிபதி தீர்ப்பு சொல்கிறார்.

எனக்கும் அந்த எபிசோடு பிடிக்காது. ஆனால் அதன் தயாரிப்பு எண், அதாவது தயாரிக்கும்போதே ஒவ்வொரு எபிசோடுக்கும் கொடுக்கும் எண், 4எஃப்23. 4எஃப் என்பது எட்டாவது சீசனின் வரிசை. ஒன்பதாவது சீசனுக்கு 5எஃப். அப்போது பொறுப்பில் இருந்தவர்கள் பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டீனும். எழுதியவர் கென் கீலர். ஸ்கல்லி மீது இந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

மோபார்_ராஜா:
அண்ணே, தயாரிப்பு எண்ணை யார் பார்த்தார்கள்? சீசன் தொடங்கியது செப்டம்பர் 21. இது 28. அதாவது ஒன்பதாவது சீசனின் இரண்டாவது எபிசோடு. பத்திரிகை எப்போது அடித்தால் என்ன, தாலி கட்டிய நாள்தான் கல்யாண நாள்.

டிவிடிபெட்டி:
கல்யாண உவமை இங்கே ஒட்டாது. குழம்பில் உப்பு கரித்தால் சமைத்தவரைக் கேட்க வேண்டும். இலையில் ஊற்றியவரை அடிப்பது என்ன நியாயம்? 4எஃப்23 சமைக்கப்பட்டது எட்டாவது சீசன் அடுப்பில்.

ஒன்பதாவது சீசனில் மொத்தம் 25 எபிசோடு. அவற்றில் எத்தனை முத்து என்று எண்ணிப் பாருங்கள். நியூயார்க் எபிசோடு ஒன்று போதாதா? நண்பன் பார்னி விட்டுவிட்டு வந்த காரை எடுக்க, சிம்ப்ஸன் குடும்பத் தலைவன் ஹோமர் போகிறான். கார் உலக வர்த்தக மைய வாசலில் சக்கரத்தில் பூட்டு மாட்டி நிற்கிறது. அபராதம் போட்டவர் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். குடித்த நண்டு ஜூஸ் அவனை நிற்க விடவில்லை. ஒரு கோபுரத்தின் உச்சிவரை ஓடினால் கழிப்பறை பழுது. மறு கோபுரத்துக்கு ஓடுகிறான். அதற்குள் அதிகாரி வந்து போய்விடுகிறார். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அந்த எபிசோடைச் சில காலம் மறு ஒளிபரப்பிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் "டிராஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்", 1998 ஏப்ரல் 26, இருநூறாவது எபிசோடு. ஹோமர் குப்பை ஆணையராகிறான். ஒரு வருடப் பணத்தை ஒரே மாதத்தில் கரைக்கிறான். மற்ற ஊர்க் குப்பையைக் காசு வாங்கிக்கொண்டு பழைய சுரங்கத்தில் கொட்டவிடுகிறான். கடைசியில் ஊரையே ஐந்து மைல் தள்ளி வைக்க வேண்டியதாகிறது. அந்த வருட எம்மி விருது இதற்குத்தான். செத்துப்போன சீசனுக்கா எம்மி கொடுத்தார்கள்?

லிசாரசிகை:
இரண்டு பேரும் எண்ணையும் தேதியையும் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்த எபிசோடு ஏன் வலித்தது என்று யாரும் பேசவில்லை. ஸ்கின்னருக்குக் குரல் கொடுக்கும் ஹாரி ஷியரரே அது தப்பு என்று பேட்டியில் வருத்தப்பட்டார். பார்வையாளர்கள் இத்தனை வருடமாக ஒரு பாத்திரத்தின் மீது வைத்த பாசத்தைக் காரணமே இல்லாமல் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்பது அவர் கருத்து. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங்கும் அதைத் தவறு என்றுதான் சொன்னார்.

எனக்கு மறக்காதது ஆர்மின் கதவைத் தட்டும் காட்சி. மகன் இறந்த செய்தியைச் சொல்ல வந்தவன், தாய் ஆக்னஸின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறான். அவள் அவனை மகனே என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அந்த ஒரு நிமிடம் நிஜமாகவே நல்ல எழுத்து. அதை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கலாம்!

டிவிடிபெட்டி:
நல்ல எழுத்தோ கெட்ட எழுத்தோ, 4எஃப்23. அதைத்தான் நான் சொல்கிறேன்.

மோபார்_ராஜா:
செப்டம்பர் 28. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நாகர்கோவிலான்:
ஒன்பதாவது சீசன் என்றால் எனக்கு, தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவின் கல்யாணம்தான். 1997 நவம்பர். ஊரிலிருந்து வரும் அம்மாவிடமிருந்து தப்பிக்க, ஹோமரின் மனைவி மார்ஜைக் காட்டி, இவள்தான் என் மனைவி என்று அப்பு பொய் சொல்கிறான். கடைசியில் மஞ்சுளாவோடு ஹோமர் வீட்டுப் பின்வாசலிலேயே கல்யாணம். ஹோமர் பிள்ளையார் வேஷம் போட்டு வந்து கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறான். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சாமியை வைத்து இப்படியா?

லிசாரசிகை:
அந்த இடத்தில் வந்திருந்தவர் ஒருவர் அவனைத் துரத்துகிறாரே, பிள்ளையார் இப்படி அசிங்கமாக ஆட மாட்டார் என்று. அடி வாங்குவது ஹோமரின் மடத்தனம். நம் சாமி இல்லை. பெரியவர்கள் பார்த்து வைத்த பெண்ணை அப்பு முதன்முதலாகப் பார்க்கும் காட்சி எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! அதில் குறை சொல்வது நியாயமில்லை.

நாகர்கோவிலான்:
மரியாதை என்று நீங்கள் சொல்கிறீர்கள் அக்கா. என் அண்ணன் மகன் அமெரிக்காவில் படித்தவன். அப்புவின் குரலில் பேசிக் காட்டு என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குரலைக் கொடுத்த ஹேங்க் அசாரியாவே 2020இல் இனி அப்புவுக்குப் பேச மாட்டேன் என்று விலகிவிட்டார். அவருக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை.

லிசாரசிகை:
எனக்குப் புரியாது என்று தீர்ப்பு சொல்ல நீங்கள் யார்? நான் பேசியது அந்த ஒரு காட்சியைப் பற்றி. குரலைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை.

டிவிடிபெட்டி:
அப்புவுக்குத் தனி இழை தொடங்குங்கள். இது 4எஃப்23 பற்றிய இழை.

ஸ்கல்லி எதிர்ப்பாளர்கள் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாவது சீசனை ஒரே ஆள் நடத்தவில்லை. ஓக்லி, வைன்ஸ்டீன் வைத்துவிட்டுப் போனது மூன்று. அல் ஜீனும் மைக் ரைஸும் செய்தது இரண்டு, "லிசாஸ் சாக்ஸ்", "சிம்ப்ஸன் டைட்". டேவிட் மிர்கின் இரண்டு. மீதி 18தான் ஸ்கல்லி. இதெல்லாம் என்னிடம் இருக்கும் டிவிடி பெட்டியிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். ஹோமரின் மகள் லிசாவின் தலை வடிவத்தில் வந்ததே, அதே பெட்டி. கொரியரில் வரும்போது தலைமுடியின் ஒரு முனை விரிசல் விட்டது. இன்றுவரை அதை ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த சீசனைப் பற்றி என்னிடம் பேசுபவர்கள் அதையாவது வாங்கிப் பார்த்துவிட்டு வரட்டும்.

மோபார்_ராஜா:
பெட்டி வைத்திருப்பவர்தான் பேச வேண்டும் என்றால் சொல்லிவிடுங்கள், நாங்கள் போய்விடுகிறோம். அதிலும் அந்தத் தலைப் பெட்டிகள் ஒரு பெருமையா? ஆறாவது சீசனுக்கு ஹோமர் தலை வந்தபோதே அலமாரியில் அடுக்க முடியவில்லை என்று அமெரிக்காவில் எல்லோரும் கத்தி, சாதாரண அட்டைப் பெட்டியை மாற்றாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதை விடுங்கள். நீங்களே மேலே நியூயார்க் எபிசோடை ஒன்பதாவது சீசனின் முத்து என்று எழுதினீர்கள். அதன் எண் என்ன? 4எஃப்22. ஸ்கின்னருக்கு ஒரு எண் முன்னால். அதே ஓக்லி, அதே வைன்ஸ்டீன். நல்லது வந்தால் ஒன்பதாவது சீசன், கெட்டது வந்தால் எட்டாவது சீசனா? இது என்ன கணக்கு?

லிசாரசிகை:
இதற்கு எனக்கும் பதில் வேண்டும்.

டிவிடிபெட்டி:
நியூயார்க் எபிசோடுதான் சீசனின் தொடக்கம். அதைத் தொடக்கமாகத் தேர்ந்தெடுத்து வைத்ததே ஒன்பதாவது சீசனின் பெருமை. ஸ்கின்னர் எபிசோடு மீந்து வந்தது. இரண்டும் ஒன்றல்ல. நிதானமாகப் படித்தால் புரியும்.

மோபார்_ராஜா:
இரண்டும் மீந்து வந்ததுதான். ஒரு வார இடைவெளியில் வந்ததுதான். புரியாமல் கேட்கவில்லை. நீங்கள் பதில் சொல்லாததால் கேட்கிறேன்.

டிவிடிபெட்டி:
உங்களுக்கு என் மேல் கோபம் ஸ்கின்னரால் இல்லை என்று எனக்குத் தெரியும். ஃபேமிலி கை என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரின் இழையிலிருந்தே இருக்கிறது. அதில் வரும் பிரையன் என்ற நாய் 2013 நவம்பர் 24 அன்று செத்தபோது, இது நிரந்தரம் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள். கட்டாயம் திரும்பி வரும் என்று சொன்னவன் நான். டிசம்பர் 15 அன்று வந்தது. மூன்றே வாரம். அன்றைக்கு ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டீர்களா?

மோபார்_ராஜா:
அங்கே மட்டும் ஒளிபரப்பான தேதி செல்லுமா? அதற்குத் தயாரிப்பு எண் எடுத்து வரவில்லையே!

நாகர்கோவிலான்:
ஸ்கின்னரின் நிஜப் பெயரை லிசா பிறகு ஒருமுறை அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். 2004இல் வந்த எபிசோடு. பூனைகள் ஒவ்வொன்றாகச் சாக, ஐந்தாவது பூனைக்குப் பழைய பெயரையே வைக்கிறாள். இது ஏமாற்று இல்லையா என்கிறார் ஸ்கின்னர். சரிதான் பிரின்சிபால் டம்சேரியன் என்கிறாள். அவர் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்.

லிசாரசிகை:
அது எனக்கு மிகப் பிடித்த இடம். ஆனால் அப்பு விஷயத்தில் நீங்கள் என்னிடம் பேசிய விதத்தை நான் மறக்கவில்லை.

டிவிடிபெட்டி:
கென் கீலர் டிவிடி விளக்கவுரையில் அந்த எபிசோடைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார். எதுவும் மாறக் கூடாது என்று அடம்பிடிக்கும் மக்களைப் பற்றிய கதை அது என்கிறார். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். யோசிக்காமல் எழுதியவர் இல்லை. எழுதியவரே அதைத் தன் எபிசோடு என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லும்போது, அதைத் தூக்கி ஸ்கல்லி மீது எறிய நீங்கள் யார்? ராஜா முதலில் தன் மூன்றாவது வரியைத் திரும்பப் பெறட்டும். 4எஃப்23.

மோபார்_ராஜா:
ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். முதலில் 4எஃப்22க்குப் பதில் சொல்லுங்கள்.

டிவிடிபெட்டி:
சொல்லியாயிற்று. மேலே போய்ப் படியுங்கள். இன்று இரவு மூன்றாவது எபிசோடிலிருந்து வரிசையாக மறுபடி பார்க்கப் போகிறேன். ஒவ்வொன்றின் எண்ணையும் நாளை இங்கேயே போடுகிறேன்.