ஃபால்ஸ் கலர்: ‘பொய் நிறம்’ வேண்டாம், ‘நிறப்பெயர்ப்பு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

செயற்கைக்கோள் படங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் ஒரு நிறமாகக் காட்டும் ஃபால்ஸ் கலர் முறைக்குத் தமிழில் என்ன பெயர் என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பொய் நிறம், போலி வண்ணம், மாற்று நிறம். முதல் இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

பெங்களூரில் எங்களுக்குப் பழக்கமான பெல்லந்தூர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் புவிநோக்குத் திட்டமான கோப்பர்நிக்கஸின் தளத்தில் அதன் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2017, 2018 வாக்கில் எடுத்தவற்றைத் திறந்து பாருங்கள். நம் கண் பார்க்கும் நிறத்தில் வைத்தால், பாசி கலங்கிய தண்ணீரும் ஆகாயத்தாமரையும் மங்கிய பச்சையாக ஒன்றோடொன்று குழம்பும். அதே படத்தை ஃபால்ஸ் கலருக்கு மாற்றினால் ஆகாயத்தாமரை செக்கச்செவேலென்று எழுந்து நிற்கும், திறந்த தண்ணீர் கறுத்துவிடும். உள்ளதை இன்னும் தெளிவாகக் காட்டும் படத்தைப் போய் ‘பொய்’ என்பதா?

நடப்பது இதுதான். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. இலையின் உள்ளமைப்போ அண்மை அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் அந்த அகச்சிவப்பை விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு எட்டாத அந்த ஒளியைத் திரையில் சிவப்பாகக் காட்டுகிறோம். சிவப்பு ஒளி பச்சையின் இடத்துக்கும், பச்சை ஒளி நீலத்தின் இடத்துக்கும் நகர்கின்றன. எல்லாமே அளந்த ஒளிதான், இட்டுக்கட்டியது எதுவும் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இதே முறையில் அகச்சிவப்பு ஃபிலிம் பயன்பட்டது. பச்சைச் சாயம் பூசி மறைத்த தளவாடம் உயிருள்ள இலையைப்போல அகச்சிவப்பைத் திருப்புவதில்லை. ஃபிலிமில் தனியே தெரிந்துவிடும். அப்புறம், 1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பலபட்டை வருடியிலும் (ஒளியைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பதியும் கருவி), 1995இல் நாம் அனுப்பிய ஐஆர்எஸ்-1சி செயற்கைக்கோளின் லிஸ்-3 படக்கருவியிலும் நீலப் பட்டையே கிடையாது. அவற்றின் வண்ணப் படம் பெரும்பாலும் இப்படித்தான் வர முடியும். அத்தனையையும் போலி என்று பெயரிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

‘மாற்று நிறம்’ பழுதில்லாத சொல்தான். ஆனால் எது எதுவாக மாறியது என்பதை அது சொல்லவில்லை.

என் பரிந்துரை ‘நிறப்பெயர்ப்பு’. மொழிபெயர்ப்பில் பொருள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. இங்கே ஒளி ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. ‘இடப்பெயர்ச்சி’ ஏற்கெனவே இருப்பதால் புணர்ச்சியும் காதுக்குப் புதிதல்ல. கண் காணும் நிறத்தில் உள்ளதை ‘இயல்நிறப் படம்’ என்றால் இரண்டும் நல்ல சோடி. ‘இயல்நிறப் படத்தில் தெரியாத களை நிறப்பெயர்ப்புப் படத்தில் தெரிந்தது’ என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

> சுவரில் காரை பெயர்வதுபோல, நிறம் உரிந்துபோன படம் என்று நினைத்துவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி, ஐயா. அதனால்தான் ‘நிறம் பெயர்ந்த படம்’ என்ற வடிவத்தைத் தவிர்த்தேன். ‘பெயர்ப்பு’ என்று முடிந்தால் மொழிபெயர்ப்பு முதலில் நினைவுக்கு வரும், காரை வராது.

> தாவரக் குறியீட்டு வரைபடங்களுக்கும் இதே சொல்லா?

இல்லை, அம்மா. அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும், செடி எவ்வளவு செழிப்பாக உள்ளது என்று காட்டும் ஒரே ஓர் எண். சிறிய எண்ணுக்குப் பழுப்பு, பெரிய எண்ணுக்குப் பச்சை என்று நிறத்தை நாம் ஏற்றுகிறோம். ஆங்கிலத்திலும் அதற்கு வேறு பெயர், சூடோ கலர். ‘ஏற்றுநிறம்’ எனலாமா? ‘ஏற்று’ இங்கே ஏவல்போல ஒலிப்பதால் எனக்கே முழு நிறைவில்லை. இதைவிடப் பொருத்தமானது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். சொற்பட்டியலில் ஃபால்ஸ் கலரையும் சூடோ கலரையும் ஒரே வரியில் போட்டுவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்வோம்.