கோத்தகிரியா ஹட்டனா, எங்க வாழ்க்கை நல்லாருக்கு?

தேயிலைப்பேத்தி:
எங்க தாத்தா இலங்கையிலருந்து, அங்க இருந்த தோட்டத் தமிழருங்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு அரசும் போட்ட 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இங்க கோத்தகிரிக்கு வந்தவரு, அவரு தம்பி குடும்பம் இன்னும் இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துலதான் இருக்கு. ரெண்டு பக்கமும் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க, நாங்க வந்தது நல்லதா?

குன்னூர்க்காரன்:
போன வருஷம் போய் ஒரு வாரம் தங்கிட்டு வந்தேன்க்கா. அங்க 2024ல தோட்டத்துல அடிப்படை நாள் சம்பளம் 1350 இலங்கை ரூபா ஆச்சு, நம்ம காசுல 400 கூட வராது. லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்டுல, ஒரே காம்பராவுல (ரூம்ல) ஆறு பேரு, சுவரெல்லாம் அடுப்புப்புகை. ஆனா படிப்பு யுனிவர்சிட்டி வரைக்கும் இலவசம், நான் பாத்த வீட்டுப் பொண்ணு பேராதனை யுனிவர்சிட்டியில படிக்குது, இங்க நான் தங்கச்சி காலேஜ் பீஸுக்கு நகை அடகு வெச்சேன்.

மலைச்சாரல்:
2022ல இலங்கையில பொருளாதார நெருக்கடி வந்தப்ப அங்க என் மாமா கேஸ் சிலிண்டருக்கு ரெண்டு நாள் வரிசைல நின்னாரு, அப்ப இங்க ரேஷன்ல அரிசி சும்மா கெடைச்சுது, அத மறக்க முடியாதுங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரி வைத்தியம் ரெண்டு பக்கமும் இலவசம்தான், பெரிய நோவுன்னா அவங்க கண்டிக்கு ஓடணும், நாம கோயம்புத்தூருக்கு மலை இறங்கணும்.

தேயிலைப்பேத்தி:
ரொம்ப நன்றிங்க. இங்க ரிடையர் ஆனா லைன் வீட்ட காலி பண்ணணும்ங்கிறதுதான் அம்மாவுக்கு பயம். அங்க எப்படி?